ஐசோபாட்டுக்கு கீரை போடறதுக்கு முன்னாடி பட்டுப்புழு வளக்கறவங்கள ஒரு வார்த்தை கேளுங்க

"அண்ணா ஐசோபாட்டுக்கு என்ன காய் போடலாம், லிஸ்ட் இருந்தா அனுப்புங்கண்ணா"ன்னு கேக்கறவங்களுக்கு தனித்தனியா டைப் பண்ணி முடியல, அதனால மொத்தமா இங்கயே எழுதிடறேன். ஆனா லிஸ்ட் எதிர்பாக்காதீங்க. லிஸ்ட்டு நெட்ல கொட்டிக் கெடக்குது, எல்லாத்துலயும் சுகினி, கேல், அல்ஃபால்ஃபான்னு தருமபுரி சந்தைல கண்ணுலயே படாத அயிட்டமா இருக்கும். நம்ம பக்கம் என்ன கெடைக்குது, அதுல எத நம்பி டப்பாக்குள்ள போடலாம், அத மட்டும்தான் சொல்லப்போறேன்.

புதுசா படிக்கறவங்களுக்கு சுருக்கமா: பூந்தொட்டிய நகத்துனா அடியில ஈரத்துல சாம்பல் கலர்ல குடுகுடுன்னு ஓடுமே, சிலது தொட்டா அப்படியே உருண்டுக்குமே, அதுதான் ஐசோபாட். பாக்க பூச்சி மாதிரி இருந்தாலும் இறால் நண்டு வகையறா, 7 ஜோடி கால், வயித்துக்கு அடியில இருக்கற செவுள் மாதிரி உறுப்புல மூச்சு விடும், அதனாலதான் காஞ்ச டப்பால வெச்சா பொழைக்காது. நான் ஆசைக்கு டப்பால வளக்கறது பவுடர் ஆரஞ்ச், பவுடர் ப்ளூ, கொஞ்சம் டெய்ரி கவ்னு ஐசோபாட் ரகங்க, தனியா ஒரு டப்பால மரவட்டை. அம்மா இன்னும் "அந்த கருமத்துக்கு தண்ணி தெளிச்சியா"ன்னுதான் கேக்குது, ஆனா நான் ஊர்ல இல்லாத நாள்ல மறக்காம தெளிக்கறதும் அதுதான்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா இருக்கணும். ஐசோபாட்டுக்கு சாப்பாடு காஞ்ச இலையும் மக்குன கட்டையும்தான். நாம மேல போடற காய், கீரை, பொடி எல்லாம் களிக்கு தொட்டுக்க குழம்பு மாதிரி, குழம்ப மட்டும் குடிச்சு யாரும் வயிறு ரொப்ப மாட்டாங்க. நெறைய பேர் டப்பால மண்ணு மேல நாலு இலைய பேருக்கு போட்டுட்டு தினமும் வெள்ளரிக்காவ வட்டம் வட்டமா நறுக்கி வெப்பாங்க, அப்புறம் "குட்டி நிக்கவே மாட்டேங்குது"ன்னு பொலம்புவாங்க. வெள்ளரில தண்ணிய தவிர பெருசா ஒண்ணும் இல்ல. வெயில் காலத்துல தாகத்துக்கு ஆகும், அவ்வளவுதான்.

இலையிலயும் பச்சையா பறிச்சு போட்டா சீந்தாது. மரத்துலயே பழுத்து விழுந்து, காஞ்சு, ஈரத்துல கெடந்து, பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறி கருத்து மெத்துன்னு ஆகணும், அப்பத்தான் எறங்கி சாப்பிடும். இலையோட சேத்து அந்த பூஞ்சையும்தான் அதுக்கு சத்து. புது இலையில இருக்கற கசப்பு, துவர்ப்பு எல்லாம் மக்க மக்கத்தான் கொறையும். பாதாம் மரம் இருக்கற ஸ்கூல் காம்பவுண்டோ ஆபீஸ் காம்பவுண்டோ பக்கத்துல இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி, செவப்பா பெருசா விழுமே அந்த இலை, மீன் தொட்டி கடையில ஒவ்வொரு இலையா எண்ணி காசு வாங்கறாங்க, இங்க பெருக்கி நெருப்பு வெக்கறாங்க. பலா, கொய்யா இலையும் நல்லா போகும். வேம்பு, புங்கன், நொச்சி, தைலமரம், அரளி, எருக்கு பக்கமே போகாதீங்க. வேம்புல இருக்கற அசாடிராக்டின் பூச்சிங்க தோல் உரிக்கற ஹார்மோனையே கெடுக்கற சமாச்சாரம், நாம வளக்கறதோ வாழ்க்கை முழுக்க தோல் உரிச்சுகிட்டே இருக்கற ஜீவன். அத வெச்சு டெஸ்ட் பண்ணிப் பாக்கறதுக்கு எனக்கு மனசு வரல.

இப்ப தலைப்புக்கு வரேன். எங்க மாமா மாரண்டஅள்ளி பக்கம் மல்பெரி போட்டு பட்டுப்புழு வளக்கறாரு. தருமபுரி, கிருஷ்ணகிரில இது புதுசு இல்ல, தருமபுரியில பட்டுக்கூடு அங்காடியே இருக்கு. ஹாபிக்காரங்க எந்த செடி நல்லது எந்த செடி கெட்டதுன்னு அடிச்சுக்கறாங்க, மாமா அந்த கேள்விய கேட்டதே இல்ல, அவருக்கு எப்பவும் ஒரே கேள்விதான்: "யாரு, எப்ப, என்ன மருந்து அடிச்சாங்க?" அவரோட பொழப்பே அதுல இருக்கு. முட்டை பொரிச்சதுல இருந்து கூடு கட்டற வரைக்கும் கிட்டத்தட்ட 25 நாள், அதுல கடைசி வாரத்துல புழு திங்கற தீனிதான் மலை மாதிரி, அந்த நேரத்துல மருந்து பட்ட இலை ஒரு கூடை உள்ள போச்சுன்னா வாந்தி எடுத்து சாகும், இல்லன்னா நல்லா கொழுத்து நிக்கும் ஆனா கூடு கட்டாது, அதுவரைக்கும் போட்ட தீனி, ஆள் கூலி எல்லாம் மண்ணு. அவங்க தோட்டத்துக்கு பக்கத்துல தக்காளி போட்டிருக்காங்க, அங்க ஸ்ப்ரேயர் சத்தம் கேட்டுச்சுன்னா மாமா மொதல்ல காத்து எந்தப்பக்கம் அடிக்குதுன்னு பாப்பாரு, இந்தப்பக்கம்னா அந்த ஓரத்து வரிசைங்கள அந்த தடவை பறிக்கவே மாட்டாரு. தன் தோட்டத்துக்கே ஏதாச்சும் அடிச்சாகணும்னா எத்தன நாள் கழிச்சு பறிக்கலாம்னு கணக்கு வெச்சிருப்பாரு. புழு மனைக்குள்ள கொசுவத்தி கெடையாது, ஊதுபத்தி கெடையாது, சிகரெட் பிடிச்சுட்டு வந்தவன் வெளிய நின்னு பேசிட்டு போகணும்.

இத பாத்து வளந்ததுக்கு அப்புறம் எனக்கு ஐசோபாட் தீனி பத்தி பெருசா குழப்பமே இல்ல. பூச்சிக்கொல்லிக்கு இது பூச்சி, இது இறால் வகைன்னு எல்லாம் பாகுபாடு தெரியாது, கொசு மருந்துல வர்ற பைரித்ராய்டு வகை மருந்துங்க இறால் நண்டு இனத்துக்கு ரொம்பவே மோசம். அதனால டப்பா இருக்கற ரூம்ல கொசுவத்தி கொளுத்தாதீங்க, லிக்விட் மெஷினும் வேணாம், வலை கட்டி படுங்க. காய் விஷயத்துலயும் மாமா கேக்கற அதே கேள்விதான். மார்க்கெட்ல பளபளன்னு ஓட்டையே இல்லாம இருக்கற கத்தரிக்கா, காலிஃப்ளவர், முட்டைகோஸ், தக்காளி இதெல்லாம் நாம திங்கறதே கழுவி, வேக வெச்சு, சாமிய வேண்டிகிட்டுதான், அத பச்சையா ஒரு சென்டிமீட்டர் ஜீவனுக்கு வெக்கறது நியாயம் இல்ல. ஓசூர் பக்கத்து ரோஜா, ராயக்கோட்டை பக்கத்து சாமந்தி எல்லாம் பாக்க அழகுதான், வெளிநாட்டு வீடியோல காஞ்ச ரோஜா இதழ் தூவறாங்கன்னு பூக்கடையில மிஞ்சுன பூவ வாங்கி காய வெக்காதீங்க, பூவு மருந்து இல்லாம அவ்வளவு அழகா வராது. வீட்டு வாசல்ல இருக்கற செம்பருத்தி போதும், நீங்களே தண்ணி ஊத்துன செடி, நீங்களே சாட்சி. அமாவாசைக்கு ரோட்ல ஒடைக்கற திருஷ்டி பூசணிய எடுத்துட்டு வந்து போடலாமான்னு ஒரு தம்பி சீரியஸா கேட்டான். குங்குமம், சில்லறை காசு, லாரி டயர் எல்லாம் பட்டது அது, வேணாம்டா தம்பி.

மல்பெரி பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் இதுதான் லாட்டரி. காஞ்ச மல்பெரி இலையில புரோட்டீன் சுமாரா 20 சதவீதம் வரைக்கும் இருக்கும், ஒரு இலைக்கு இது பெரிய விஷயம், அதனாலதான் ஒரு புழு அத மட்டுமே தின்னு பட்டு நூலே நூக்குது. அதுக்கு மேல, மருந்துக்கு பயந்து பயந்து வளக்கற பயிரு. இங்க நட்டு வெச்சிருக்கறதுல நெறைய வி-1 ரகம், இலை உள்ளங்கைய விட பெருசா தளதளன்னு இருக்கும். நான் எடுக்கறது செடிக்கு அடியில மஞ்சளா பழுத்து விழுந்தது, இல்லன்னா புழுவுக்கு ஆகாத முத்துன இலை, அத மாமா எப்படியும் மாட்டுக்குதான் போடுவாரு. ஆனா புழு படுக்கையில மிஞ்சி கெடக்கற இலைய தொடாதீங்க. படுக்கை மேல நோய் வராம இருக்க சுண்ணாம்பும் கிருமிநாசினி பவுடரும் தூவுவாங்க, இலை முழுக்க அது ஒட்டியிருக்கும். தோட்டத்துல இருந்து நேரா எடுக்கறதுக்கும் மனையில இருந்து எடுக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

எடுத்துட்டு வந்து நெழல்ல காய வெச்சு, கையில நசுக்குனா நொறுங்கற பதத்துல காத்து போகாத டப்பால போட்டு வெச்சா மாசக்கணக்குல கெடாது. போடும்போது ஒரு முழு இலைய தண்ணில நனைச்சு மேலாக வைங்க. மொத நாள் யாரும் கண்டுக்க மாட்டாங்க. ரெண்டாவது மூணாவது நாள் அது கருத்து, தொட்டா வழுவழுன்னு ஆனதும் பாருங்க, நைட்டு டார்ச்ச செவப்பு பேப்பர்ல மூடி அடிச்சுப் பாத்தா இலை கலரே தெரியாது, அவ்வளவு ஆரஞ்ச் முதுகு. ஓரத்துல இருந்து திங்காது, நடுவுல நரம்புக்கு நரம்பு இடையில இருக்கற சதைய மட்டும் சொரண்டி சொரண்டி எடுக்கும், பெருசுங்க மொதல்ல தின்னு நரம்ப விட்டுட்டு போகும், வெள்ளையா ரவை சைஸ்ல இருக்கற குட்டிங்க அந்த நரம்பு சந்துக்குள்ள போய் மிச்சம் வழிச்சுகிட்டு இருக்கும். அந்த குட்டிங்களுக்கு பொறக்கும்போது 6 ஜோடி கால்தான், அப்புறம் தோல் உரிச்சு வளரும்போதுதான் 7 ஆகும், லென்ஸ் இருந்தா எண்ணிப் பாருங்க, நேரம் போறதே தெரியாது. காலைல பாத்தா வலை மாதிரி நரம்பு மட்டும் அப்படியே முழுசா நிக்கும், கூட வேல பாக்கற ஒரு அக்கா அத வாங்கிட்டு போய் பசங்க ப்ராஜெக்ட் நோட்ல ஒட்டி விட்டாங்க.

அடுத்தது முருங்கை. வீட்டு முருங்கைக்கு யாரு மருந்து அடிக்கறா? கம்பளிப்பூச்சி அப்பிகிட்டா தீப்பந்தம் புடிச்சு கருக்குவாங்க, அவ்வளவுதான். கம்பளிப்பூச்சி இருக்கற மரம்னா மருந்து இல்லாத மரம்னு அர்த்தம், இலையில ஓட்டை இருந்தா சந்தோசப்படுங்க. நிழல்ல காய வெச்சு பொடி பண்ணி, ரெண்டு விரல்ல கிள்ளுன அளவு இலை மேல தூவுனா போதும். புரோட்டீனும் இருக்கு, கால்சியமும் இருக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட பழைய டேபிள் படி 100 கிராம் பச்சை முருங்கைக்கீரைல 440 மில்லிகிராம் கால்சியம், கறிவேப்பிலைல 830, அகத்தில 1130. அகத்தி அமாவாசை அன்னைக்கு கோயில் வாசல்ல மாட்டுக்கு குடுக்க கட்டு கட்டா விப்பாங்க, ஒரு கட்டு வாங்கி பாதி மாட்டுக்கு, பாதி நமக்கு. கறிவேப்பிலைய மட்டும் வீட்டு செடின்னா போடுங்க, கடையில வர்றதுக்கு மருந்து அடிக்கறது ஊருக்கே தெரியும்.

கால்சியம் ஏன் இவ்வளவு பேசறேன்னா அதோட ஓடே கால்சியம்தான். தோல் உரிக்கறது ரெண்டு தவணையா நடக்கும், மொதல்ல பின்பாதி, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு முன்பாதி, அந்த கேப்புல பாத்தா பாதி உடம்பு ஒரு கலர் பாதி உடம்பு ஒரு கலர்ல நடந்துகிட்டு இருக்கும், நோய் வந்துடுச்சுன்னு பயந்து தூக்கி போட்றாதீங்க. உரிக்கறதுக்கு முன்னாடி பழைய ஓட்ல இருக்கற கால்சியத்த உறிஞ்சி நெஞ்சுக்கு அடியில வெள்ளை திட்டா சேத்து வெச்சுக்கும், உரிச்ச தோலையும் தின்னுடும், ஒரு துளி வீணாக்காது. இருந்தாலும் கீரைய மட்டும் நம்பாதீங்க. நாட்டு மருந்து கடையில கடல்நுரைன்னு கேளுங்க, கணவாய் மீன் ஓடு அது, ஒரு துண்டு டப்பா மூலையில கெடந்தா ரொம்ப நாளைக்கு வரும். செடி அயிட்டம் மட்டுமே போடுவேன்னு கொள்கை வெச்சிருக்கறவங்க கூட இதுல ஒரு படி எறங்கிதான் வரணும், இல்லன்னா சுண்ணாம்புக்கல் துண்டு ஒண்ணு போடுங்க. வெத்தலைக்கு போடற சுண்ணாம்பு இல்ல, அது பட்டா ஐசோபாட்டே வெந்துடும். பசலை, தண்டுக்கீரைல ஆக்சலேட் நெறைய, இருக்கற கால்சியத்தையும் அது பிடிச்சு வெச்சுக்கும், அதனால எப்பவாச்சும்னா சரி, தினமும் வேணாம்.

ராகி கால்சியத்துக்கு பேர் போனது, நம்ம ஊரே ராகில வளந்த ஊர், 100 கிராமுக்கு 344 மில்லிகிராம்னு அதே டேபிள் சொல்லுது, அப்போ ராகி மாவு தூவலாமான்னா, வேணாம். மாவு எதுவா இருந்தாலும் ஈர டப்பால ஒரே ராத்திரில பூசணம், அப்புறம் வெள்ளை வெள்ளையா மைட்ஸ்னு பொடி உண்ணிங்க வந்து சுவரெல்லாம் ஏறும், அத ஒழிக்கறது பெரும்பாடு. கடலைப் புண்ணாக்கும் அப்படித்தான். புரோட்டீன் கொறையுதுன்னு தோணுனா, அதாவது தோல் உரிச்சு மெத்துன்னு கெடக்கறத மத்தது கடிக்கறத பாத்தா, மீல் மேக்கர் உருண்டைல கால்வாசிய கிள்ளி நனைச்சு புழிஞ்சு சாயங்காலம் வெச்சு காலைல எடுத்துடுங்க. டெய்ரி கவ் மாதிரி போர்செல்லியோ வகைக்குதான் இந்த பசி அதிகம், அது கூட்டமா வந்து மொய்க்கறத பாத்தா கொஞ்சம் பயமாவே இருக்கும்.

காய்னு போட்டா என்னோட ஓட்டு கேரட்டுக்கும் மஞ்சள் பூசணிக்கும் சக்கரவள்ளி கிழங்குக்கும்தான். தோல் சீவலாம், மெதுவா கெடும், நல்லா திங்கும். தோல் சீவிட்டா எல்லா மருந்தும் போயிடும்னு இல்ல, செடி உறிஞ்சி உடம்பு பூரா ஏத்திக்கற மருந்தும் இருக்கு, அதுக்கு சீவி பிரயோஜனம் இல்ல, அதனால தெரிஞ்சவங்க தோட்டத்து காய் கெடைச்சா அத விடாதீங்க. நகத்தளவு துண்டு போதும். ஏப்ரல் மே வெயில்ல தருமபுரில மதியம் வெச்சது ராத்திரிக்கே புளிச்சு ஈ மொய்க்கும், கொஞ்சம் குளிரா இருக்கற ஓசூர், தளி பக்கத்துக்காரங்களுக்கு ரெண்டு நாள் தாங்கும், அதனால எத்தன நாள் வெக்கலாம்னு என்ன கேக்காதீங்க, உங்க மூக்க கேளுங்க. எலுமிச்சை, ஆரஞ்சு தோல், வெங்காயம், பூண்டு, உப்போ எண்ணெயோ பட்ட மிச்ச சாப்பாடு எதுவும் வேணாம். லேசா பூசணம் வந்தா ஸ்பிரிங்டெயில்னு பூசணத்த திங்கற பொடி ஜீவன் ஒண்ணு இருக்கு, அது பாத்துக்கும், அதுக்குதான் அத டப்பால விடறது, தனியா வளக்கணும்னா கரித்துண்டு மேல தண்ணி விட்டு நாலு பச்சரிசி போட்டா அரிசில பூக்கற பூஞ்சைய தின்னே பெருகிடும். தண்ணின்னதும் ஞாபகம் வருது, நம்ம பக்கம் போர் தண்ணில ஃப்ளோரைடு, உப்பு எல்லாம் தூக்கல், அதுக்குன்னே 2013-ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் வந்துச்சு. நான் தெளிக்கறது ஒகேனக்கல் தண்ணிதான், ஒரு நாள் தெறந்த பக்கெட்ல வெச்சுட்டு. போர் தண்ணி தெளிச்சா டப்பா சுவர்ல வெள்ளையா படிஞ்சு உள்ள என்ன நடக்குதுன்னே தெரியாது.

மத்த ஜீவன்களுக்கு வேகமா சொல்லிடறேன். மரவட்டைக்கும் இலையும் மக்குன கட்டையும்தான் உசுரு, வெள்ளரி, வாழைப்பழம் ஒரு துண்டு வெச்சா ஆசையா வரும், கையில எடுத்தா பழுப்பா கறை விடும், கண்ணுல வெச்சுடாதீங்க. மீல்வார்முக்கு கோதுமை தவிடுதான் படுக்கையும் சாப்பாடும், மேல ஒரு கேரட் துண்டு. துபியா கரப்பான் வெச்சிருக்கறவங்க ஆரஞ்சு போடுவாங்க, அதுக்கு அது உசுரு, அத பாத்துட்டு ஐசோபாட்டுக்கும் போட்றாதீங்க. பெரிய ஆப்பிரிக்க நத்தைய வளக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு, அது தோட்டத்த அழிக்க வந்தது, அதுக்கு நான் கீரை சொல்லித்தர மாட்டேன். குச்சிப்பூச்சி தனி சப்ஜெக்ட், அது பச்சை இலை பார்ட்டி. உலகம் பூரா லேப்ல வளக்கற இந்தியன் ஸ்டிக் இன்செக்ட் நம்ம கொடைக்கானல் பக்கத்து செண்பகனூர்ல இருந்து போனதுதான், வெள்ளைக்காரன் வீட்டு ஐவி இலைய தின்னுட்டு சொகுசா இருக்குது.

கடைசியா, இப்ப மாம்பழ சீசன் வருது, கிருஷ்ணகிரிகாரங்க இத கண்டிப்பா பண்ணிப் பாக்கணும். பழத்த போடாதீங்க, பழ ஈ வீட்டையே புடிச்சுக்கும், தோலும் வேணாம், மாந்தோப்புல பூ எடுக்கறப்பவே தத்துப்பூச்சிக்கு மருந்து ஆரம்பிச்சுடுவாங்க. கொட்டைய எடுங்க. நல்லா சப்பிட்டு, கழுவி, வெயில்ல ஒரு வாரம் காய வெச்சா அந்த நார் சடை சடையா வெறைச்சு நிக்கும், பெங்களூரா ரக மாங்காவ விட நாட்டு நார் மாங்கா கொட்டை இன்னும் நல்லா இருக்கும். ரெண்டா பொளந்து உள்ள இருக்கற பருப்ப எடுத்துட்டு, ஓட்ட கவுத்து ஈர மண்ணு மேல வைங்க. நார்ல ஒட்டியிருக்கற மிச்சம் மெதுவா மக்கும், அத மேஞ்சுகிட்டு அடியிலயே குடியிருக்கும், எடை போட்டு விக்கற கார்க் பட்டைக்கு பதிலா இதுவே வீடு. குட்டிங்கள எண்ணவோ வேற டப்பாக்கு மாத்தவோ ஓட்ட தூக்கி தட்டுனா போதும், மண்ண கிளற வேண்டியதே இல்ல. சீசன் முடியறதுக்குள்ள ஒரு பை காய வெச்சு எடுத்து வெச்சுக்கோங்க, ஆடிக்கு மேல கேட்டா ஜூஸ் கடையில கூட கெடைக்காது.